வடசென்னையை வரைபடத்தில் ஏற்றுவது: டிஜிட்டல் வரைபடம், புவித்தரவு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ப்ராஜெக்ட் செய்பவர்கள், தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் கணக்கெடுக்கும் குடியிருப்போர் சங்கத்தினர், கடை முகவரிப் பட்டியலை வரைபடமாக்க நினைப்பவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை. மென்பொருள் என்று வரும் இடத்தில் இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறோம்.

வரைபடம், புவித்தரவு: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ராயபுரம் ரயில் நிலையத்தின் மேல் ஒரு ரயில் சின்னமும் பெயரும் திரையில் தெரிகிறதே, அது வரைபடம். அதற்கு அடியில் 13.10 வடக்கு, 80.29 கிழக்கு என்று இரண்டு எண்களும், பெயர், வகை, திறக்கப்பட்ட ஆண்டு 1856 என்று சில கட்டங்களும் ஒரு வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. அதுதான் புவித்தரவு. ஒரே தரவிலிருந்து பத்து விதமாக வரைபடம் போடலாம். ஆனால் வரைபடத்தின் ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்து தரவை மீட்பது பெரும்பாடு. "மேப் இருக்கிறது, அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால், பிடிஎஃப் படமா, லேயரா (மென்பொருளில் ஏற்றக்கூடிய தரவு அடுக்கா) என்று முதலில் கேளுங்கள். பாதி வேலை மிச்சமாகும்.

எதைப் புள்ளியாக வைப்பது, எதைக் கோடாக, எதைப் பாலிகனாக (அடைத்த வடிவமாக)?

பொருளைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, கேட்கப்போகும் கேள்வியைப் பார்த்து முடிவெடுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நகரம் முழுக்கக் காட்டும் வரைபடத்தில் ஒரு புள்ளி போதும். ஏலக்கூடம் எங்கே, ஐஸ் ஆலை எங்கே என்று காட்ட வேண்டுமானால் அது பாலிகன். பக்கிங்ஹாம் கால்வாயின் நீளம்தான் வேண்டும் என்றால் கோடு. ஆக்கிரமிப்பால் அகலம் எங்கெங்கே குறைந்தது என்று பார்க்க வேண்டுமானால் இரு கரையையும் அடைத்து வரைந்த பாலிகன் வேண்டும். ஒரு லேயரில் ஒரே வகைதான் வைப்பது வழக்கம். ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையில் கலக்கவே முடியாது.

செயற்கைக்கோள் படம் எந்த வகை?

அது ராஸ்டர், அதாவது எண் நிரப்பிய கட்டங்களின் அடுக்கு. ஒரு கட்டம் தரையில் எத்தனை மீட்டர் என்பதுதான் முதல் கேள்வி. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் மிக நுணுக்கமான பட்டைகளுக்கு (ஒளி அலைநீளப் பிரிவுகளுக்கு) ஒரு கட்டம் 10 மீட்டர், இப்போதைய லேண்ட்சாட்டில் 30 மீட்டர். சௌகார்பேட்டையின் சந்துகள் பலவும் 10 மீட்டருக்குக் குறைந்தவை. ஆகவே சென்டினல் படத்தில் தெருவைத் தேடினால் கிடைக்காது. சந்தும் இருபக்கக் கட்டடமும் ஒரே கட்டத்துக்குள் கரைந்துவிடும். ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் அடைபடுவதும் திறப்பதும், சதுப்பு நிலம் மேடாவதும் அந்தப் படத்திலேயே தெளிவாகத் தெரியும். லேண்ட்சாட் வரிசை 1972-இல் தொடங்கியதால் கடற்கரை மாற்றத்தைப் பின்னோக்கிப் பார்க்க அதைவிட நீண்ட இலவசப் பதிவு இல்லை. என்ன, பழைய படங்களில் கட்டம் இன்னும் பெரியது.

அட்சரேகை, தீர்க்கரேகைக்கு எத்தனை தசம இலக்கம் எழுத வேண்டும்?

நம் ஊர் அட்சத்தில் ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், ஒரு பாகை தீர்க்கம் 108.4 கிலோமீட்டர். அதனால் இரண்டு தசம இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் இடத்தைச் சொல்கிறது. மேலே ராயபுரம் நிலையத்துக்குக் கொடுத்த எண்கள் அந்த ரகம். நிலையத்தைத் தேடி யாரும் அதை வைத்து நடக்க முடியாது. மூன்று இலக்கம் 110 மீட்டர், நான்கு 11 மீட்டர், ஐந்து ஏறத்தாழ ஒரு மீட்டர், ஆறு 11 சென்டிமீட்டர். கைபேசியில் எடுத்த புள்ளிக்கு ஐந்து இலக்கம் தாராளம். செயலி பதினான்கு இலக்கம் காட்டுகிறது என்பதற்காக அது அணு அளவுக்குத் துல்லியம் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டாம்.

13°06′ என்பதை 13.06 என்று எழுதலாமா?

கூடவே கூடாது. 6 நிமிடம் என்பது 60-இல் 6, அதாவது 0.1 பாகை, சரியான எண் 13.1. ராயபுரத்தை 13°06′, 80°17′ என்று குறித்துவைத்த பழைய தாளிலிருந்து 13.06, 80.17 என்று தட்டச்சு செய்தால் புள்ளி மதுரவாயல் பக்கம் போய் விழும். இந்தத் தவறு ஆபத்தானது, ஏனென்றால் புள்ளி சென்னைக்குள்ளேயே விழுவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நிமிடத்தை 60-ஆலும் நொடியை 3600-ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். ஒரு பட்டியலில் தசமப் பகுதி எல்லாமே .60-க்குக் கீழேயே இருந்தால் யாரோ நிமிடத்தை அப்படியே ஒட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். ஆனால் வடசென்னைக்குள் மட்டும் உள்ள பட்டியலில் இந்தச் சோதனை உதவாது. இங்கே சரியான எண்களே 13.08-க்கும் 13.25-க்கும் நடுவில்தான் வரும்.

என் புள்ளிகள் எல்லாம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் விழுகின்றன. ஏன்?

அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிவிட்டன. 80.29 வடக்கு, 13.1 கிழக்கு என்பது நார்வேக்கு மேலே உள்ள ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடல். வரைபடச் செயலிகளில் புள்ளியை நகலெடுத்தால் அட்சம் முதலில் வரும். கியூஜிஐஎஸ்ஸில் எக்ஸ் என்பது தீர்க்கம், ஒய் என்பது அட்சம். ஜியோஜேசன், கேஎம்எல் ஆகிய கோப்பு வகைகள் இரண்டிலும் தீர்க்கம்தான் முதலில். எது எந்த வரிசை என்று மனப்பாடம் செய்வதற்குப் பதில், நம் ஊருக்கு 80 என்பது எப்போதும் எக்ஸ் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. புள்ளிகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அது வேறு நோய்: கட்டம் காலியாக இருந்து 0, 0 என்று படிக்கப்பட்டிருக்கிறது.

சி.ஆர்.எஸ். என்கிறார்களே, அது என்ன? எதைத் தேர்ந்தெடுப்பது?

எண்கள் எந்த அளவு முறையில் சொல்லப்பட்டவை என்பதன் பெயர் அது. உங்களுக்கு மூன்றுதான் அடிக்கடி தேவைப்படும். கைபேசியும் ஜிபிஎஸ்ஸும் தருவது டபிள்யூஜிஎஸ் 84, குறியெண் 4326, அலகு பாகை. இணைய வரைபடங்களின் பின்னணிப் படம் வெப் மெர்கேட்டர், குறியெண் 3857. தூரமும் பரப்பும் அளக்க வேண்டுமானால் யூடிஎம் மண்டலம் 44 வடக்கு, குறியெண் 32644, அலகு மீட்டர்.

சென்னை யூடிஎம் 44-இல் வரும். அந்த மண்டலம் 78 முதல் 84 பாகை கிழக்கு வரை. நடுக்கோடு 81 பாகை என்பதாலும் அதற்கு 5,00,000 என்று மதிப்பு வைத்திருப்பதாலும், அதற்கு மேற்கே உள்ள வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளுக்குக் கிழக்கெண் (எக்ஸ்) 4,20,000-ஐ ஒட்டியும் வடக்கெண் (ஒய்) 14,50,000-ஐ ஒட்டியும் வரும். ஒரு கோப்பைத் திறந்ததும் எண்களைப் பாருங்கள். 80.2 என்றால் பாகை. ஆறு இலக்கமும் ஏழு இலக்கமுமாக இருந்தால் யூடிஎம். 89 லட்சத்தைத் தாண்டிய எக்ஸ் என்றால் வெப் மெர்கேட்டர். கோப்போடு குறிப்பு ஏதும் வராவிட்டாலும் இப்படியே கண்டுபிடித்துவிடலாம்.

சி.ஆர்.எஸ்.ஸை 32644 என்று மாற்றினேன், லேயர் காணாமல் போய்விட்டது.

மாற்றவில்லை, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். தொடக்கத்தில் எல்லோரையும் ஒருமுறையாவது மாட்டிவிடும் இடம் இது. கியூஜிஐஎஸ்ஸில் 'செட் லேயர் சி.ஆர்.எஸ்.' என்பது உள்ளே உள்ள எண்களைத் தொடாது. இவை இந்த முறையில் உள்ளவை என்று அறிவிக்க மட்டும் செய்யும். 80.29 என்ற பாகையை 80.29 மீட்டர் என்று அறிவித்தால் புள்ளி நிலநடுக்கோட்டை ஒட்டி எங்கோ போய்விடும். எண்களையே மாற்ற வேண்டுமானால் ப்ராசசிங் பெட்டியில் 'ரீப்ரொஜெக்ட் லேயர்' என்று தேடி, 4326 லேயரை உள்ளீடாகக் கொடுத்து, 32644-ஐ இலக்காகக் கொடுத்து, புதிய கோப்பாகச் சேமியுங்கள். 'செட்' செய்வது ஒரே ஒரு சூழலில்தான் சரி: கோப்பு எந்த முறை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும், ஆனால் மென்பொருளுக்குத் தெரியவில்லை எனும்போது.

பழைய நில அளவைத் தாளில் எடுத்த அட்சமும் தீர்க்கமும் இருநூறு மீட்டர் தள்ளி விழுகின்றன. தாள் தவறா?

தாள் சரிதான். அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கு வைத்துக்கொண்ட ஒரு கணக்கு உருவத்தை) அடிப்படையாகக் கொண்டவை. வில்லியம் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் தொடர்ச்சியாக வந்த கணக்கு அது. பூமியின் வடிவத்தையும் மையத்தையும் டபிள்யூஜிஎஸ் 84 வேறாக எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரே தெருமுனைக்கு இரண்டு கணக்கிலும் எண்கள் வேறு; நம் பகுதியில் இடைவெளி நூறு, இருநூறு மீட்டர் என்ற அளவில் வரும். தாளின் ஓரத்தில் உள்ள குறிப்பைப் படித்து, கோப்புக்கு அந்த டேட்டத்தை (வடிவமும் மையமும் சேர்ந்த அடிப்படைக் கணக்கை) கொடுத்து, பிறகு மாற்றுங்கள். கையால் இழுத்து நகர்த்திப் பொருத்துவது வேண்டாம். அடுத்த தாளை ஒட்டும்போது விளிம்பு சேராது.

பரப்பளவு கேட்டால் 0.0000000185 என்று வருகிறது. கிரவுண்டில் எப்படி எடுப்பது?

லேயர் பாகையில் இருக்கிறது. வந்திருப்பது சதுரப் பாகை. அதற்குப் பொருளே கிடையாது. வெப் மெர்கேட்டரில் கணக்கிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் நம்பும்படியான எண் வரும். அந்த முறை நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது. நம் அட்சத்தில் நீளத்தில் சுமார் 3 சதவீதம், பரப்பில் 5 முதல் 6 சதவீதம். ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் 130 சதுர அடி இல்லாத நிலம் முளைத்துவிடும்.

சரியான வழி: 32644-க்கு மாற்றிய லேயரைத் திறந்து, ஃபீல்டு கால்குலேட்டரில் தசம எண் வகையில் புதிய கட்டம் ஒன்று உருவாக்கிப் பரப்பை எடுங்கள். டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா சார்பு, ப்ராஜெக்ட் அமைப்பில் நீள்கோளம் கொடுக்கப்பட்டிருந்தால் பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஜியோமெட்ரியை அடைப்புக்குள் வாங்கும் ஏரியா சார்பு தட்டைத் தாள் கணக்கு. 32644-இல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். பெரிய வித்தியாசம் வந்தால் சி.ஆர்.எஸ். தவறு என்று அர்த்தம். ஒரு கிரவுண்டு 222.97 சதுர மீட்டர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஓர் ஏர் 100 சதுர மீட்டர்.

செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்து எடுத்த பரப்பைப் பட்டாவோடு ஒப்பிட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். எல்லைக்கு ஆதாரம் புலப்படமும் நகர நில அளவைப் பதிவேடும்தான். மாடியின் விளிம்பை வரைந்தவருக்கு மனையின் எல்லை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கால்வாய்க்கு 100 மீட்டர் பஃபர் (சுற்றிலும் அந்தத் தூரத்துக்கு ஒரு பட்டை) போட்டேன், உலகமே மூடிவிட்டது.

மேலே சொன்ன அதே காரணம். லேயர் 4326-இல் இருந்ததால் 100 பாகை பஃபர் போட்டிருக்கிறது. 32644-க்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

ஜார்ஜ் டவுன் சந்துகளில் கைபேசி நீலப்புள்ளி அடுத்த தெருவில் நிற்கிறதே?

திறந்த வெளியில் சாதாரணக் கைபேசி ஏறத்தாழ 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லும். தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்துகளில் மூன்று, நான்கு மாடிகள் இருபுறமும் நெருக்கி நிற்பதால் தலைக்கு மேலே உள்ள கீற்று வானத்தில் தெரியும் செயற்கைக்கோள்கள் குறைவு. மற்றவற்றின் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்தக் கூடுதல் பயணத்தைக் கருவி தூரமாக எடுத்துக்கொள்வதால் புள்ளி பக்கவாட்டில் தள்ளும். 20, 30 மீட்டர் தள்ளுவது சாதாரணம். அங்கே அடுத்த தெரு அவ்வளவு தூரத்தில்கூட இருக்காது.

செயலி திறந்த உடனே புள்ளி எடுக்காதீர்கள். முதலில் காட்டுவது கைபேசிக் கோபுரத்தையும் வைஃபையையும் வைத்து ஊகித்த இடம். துல்லியம் என்று காட்டும் எண் 5-க்குக் கீழே இறங்கும் வரை அசையாமல் நில்லுங்கள். சந்துக்குள் இறங்கவே இறங்காது. அப்போது சந்து முனைக்கு வந்து புள்ளி எடுத்து, உள்ளே எத்தனையாவது கட்டடம், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, பிறகு திரையில் படத்தைப் பார்த்து நகர்த்துங்கள். எந்தப் புள்ளி கருவியால் வந்தது, எது கையால் வைத்தது என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

எக்செல்லில் உள்ள கடைப் பட்டியலை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

ஒரு வரியில் ஒரு கடை. அட்சத்துக்கு ஒரு பத்தி, தீர்க்கத்துக்கு ஒரு பத்தி. இரண்டையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு எழுதாதீர்கள். ஒன்றிணைத்த கட்டங்கள், தலைப்புக்கு மேலே அலங்கார வரி, கடைசியில் 'மொத்தம்' எல்லாவற்றையும் நீக்குங்கள். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பி வராது. பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

பிறகு கியூஜிஐஎஸ்ஸில் லேயர் மெனு, ஆட் லேயர், ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர். எக்ஸ் கட்டத்தில் தீர்க்கம், ஒய் கட்டத்தில் அட்சம், சி.ஆர்.எஸ். 4326. கீழே மாதிரி வரிகளில் தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். வந்தது தற்காலிக இணைப்புதான். எக்ஸ்போர்ட் செய்து ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் சேமித்த பிறகே திருத்தம் தொடங்குங்கள்.

பழைய எண், புதிய எண் உள்ள கதவிலக்கத்தை 5/12 என்று எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. எக்செல் அதைத் தேதி என்று நினைத்து 05-டிச என்று மாற்றிவிடும். சிஎஸ்வியாகச் சேமித்த பின் பழைய எண் எது, புதிய எண் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பத்தியை, தட்டச்சு தொடங்கும் முன்பே, டெக்ஸ்ட் வகைக்கு மாற்றுங்கள். இரண்டு எண்ணையும் இரண்டு பத்தியாகப் பிரிப்பது அதைவிட நல்லது.

ஷேப்ஃபைலா, ஜியோபேக்கேஜா, ஜியோஜேசனா?

தமிழில் தரவு வைப்பவருக்கு ஜியோபேக்கேஜ். ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பு அல்ல. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் கட்டாயம், பிஆர்ஜே இல்லாவிட்டால் சி.ஆர்.எஸ். தெரியாது. மின்னஞ்சலில் எஸ்எச்பியை மட்டும் அனுப்புவது இன்னும் தீராத வியாதி. ஷேப்ஃபைலில் பத்தித் தலைப்புக்கு இடம் 10 பைட். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட் என்பதால் மூன்று குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். 'தெருப்பெயர்' என்ற தலைப்பு 'தெர' என்று வெட்டுப்படும். உள்ளே எழுதும் வாசகத்துக்கும் 254 பைட்தான், அதாவது 84 குறி; நீளமான புகார்க் குறிப்பு பாதியில் நிற்கும். எழுத்து முறையைச் சொல்லும் சிபிஜி என்ற சிறு கோப்பு கூடவே வராவிட்டால் எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரியும். அலுவலகம் ஷேப்ஃபைல்தான் கேட்கிறது என்றால் தலைப்புகளை ஆங்கிலத்தில் சுருக்கமாக வைத்துக்கொண்டு கடைசியில் மாற்றிக் கொடுங்கள்.

ஜியோஜேசன் இணையதளத்தில் காட்டுவதற்கு ஏற்றது. அதில் சி.ஆர்.எஸ். டபிள்யூஜிஎஸ் 84 மட்டுமே.

முகவரியை மட்டும் கொடுத்தால் மென்பொருள் இடத்தைக் கண்டுபிடித்துவிடாதா?

தியாகராய நகருக்கு ஓரளவு. வடசென்னைக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே முகவரி என்பது 'மணிக்கூண்டு எதிரில்', 'கல்மண்டபம் தாண்டி இடது', 'தேரடிக்குப் பின்னால்' என்று அடையாளத்தை வைத்துச் சொல்வது. ஒரே பெயரில் முதல் சந்து, இரண்டாவது சந்து என்று போகும் தெருக்கள் வேறு. வண்ணாரப்பேட்டை ஒரு பட்டியலில் ஓல்டு வாஷர்மென்பேட், இன்னொன்றில் பழைய வண்ணை, மூன்றாவதில் இன்னொரு எழுத்துக்கோர்வை. கருவி தெருவைக் கண்டுபிடிக்காவிட்டால் பேட்டையின் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரே இடத்தில் நாற்பது கடைகள் குவிந்திருந்தால் காரணம் இதுதான்.

தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின், முகவரி தேடித் தரும் இலவச நொமினாட்டிம் சேவையில் நொடிக்கு ஒரு முகவரிக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. நூறு, இருநூறு முகவரி என்றால் தெரு தெரியும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையால் வைப்பதே வேகம்.

பின்கோடை எல்லையாக வைத்து வரையலாமா?

பின்கோடு தபால் பட்டுவாடாவுக்காக 1972-இல் வந்தது. 600013 ராயபுரம், 600021 பழைய வண்ணாரப்பேட்டை, 600081 தண்டையார்பேட்டை என்பதெல்லாம் எந்த அஞ்சலகம் கடிதம் கொண்டுவருகிறது என்பதைத்தான் சொல்கின்றன. மாநகராட்சி வார்டு எல்லையோடோ சட்டமன்றத் தொகுதியோடோ அது ஒத்துப்போகாது. மக்கள்தொகை, குடிநீர், குப்பை போன்ற கணக்குக்கு வார்டை எடுங்கள்.

வார்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 2011-இல் மாநகராட்சி விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின. திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. எண் வரிசையே மாறியது. வார்டு 1 இப்போது திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது. அதற்கு முன் அந்த ஊர் மாநகராட்சியிலேயே இல்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கின் வார்டு எண்ணைப் புதிய எல்லை லேயரோடு இணைத்தால் மென்பொருள் ஒரு பிழையும் சொல்லாது. எண் பொருந்தும், இடம் பொருந்தாது. எல்லை லேயரின் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்துவிடுங்கள்.

பழைய ஊர் வரைபடத்தை ஸ்கேன் செய்து இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த முடியுமா?

முடியும். லேயர் மெனுவில் ஜியோரெஃபரன்சர். 300 டிபிஐயில், தாளை மடிப்பில்லாமல் விரித்து ஸ்கேன் செய்யுங்கள்; கைபேசியில் எடுத்த கோணல் படம் விளிம்புகளில் பழிவாங்கும். தாளிலும் இன்றும் மாறாமல் இருக்கும் இடங்களைப் பொருத்துப் புள்ளிகளாகக் கொடுக்க வேண்டும். முதல்நிலைப் பல்லுறுப்பு மாற்றத்துக்கு (தாளை நகர்த்தி, சுழற்றி, சீராக நீட்டும் எளிய கணக்குக்கு) மூன்று புள்ளி போதும் என்பது கணக்கு. ஆனால் மூன்றே கொடுத்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும், உண்மைப் பிழை தெரியாது. எட்டு முதல் பன்னிரண்டு கொடுங்கள், நான்கு மூலையிலும் பரவியிருக்கட்டும்.

புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் ஊர் அறிவு வேண்டும். ராயபுரம் ரயில் நிலையக் கட்டடத்தின் மூலை நல்ல புள்ளி. ஜார்ஜ் டவுனின் குறுக்கும் நெடுக்குமான தெருச் சந்திப்புகள் நல்லவை. கடற்கரைக் கோடு ஆகவே ஆகாது: துறைமுகம் கட்டியபின் அதற்கு வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரித்ததும், கல் கொட்டியதும், தூண்டில் வளைவு போட்டதுமாக அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அகலப்படுத்திய சாலை மூலையும் வேண்டாம். உயரமான கட்டடத்தில் உச்சியைப் பிடிக்காதீர்கள். உயர் நீதிமன்றக் கலங்கரை விளக்கக் கோபுரமோ மணலியின் புகைபோக்கியோ செயற்கைக்கோள் படத்தில் ஒருபக்கம் சாய்ந்து தெரியும். அடித்தளம் தரையில் தொடும் இடமே சரியான இடம்.

ஒரு புள்ளியின் பிழை மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு என்றால் தவறான மூலையைச் சொடுக்கியிருப்பீர்கள். எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு பிழை பரவியிருந்தால் தாளின் துல்லியமே அவ்வளவுதான். உயர்நிலை மாற்றத்துக்குப் போய் எண்ணைக் குறைத்தால் நடுவில் தெரு நெளியும்.

கடற்கரையில் நின்றால் ஜிபிஎஸ் உயரம் மைனஸ் எண்பது சொச்சம் காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

கெடவில்லை. கருவி அளப்பது டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்துக்கு மேலான உயரம். இந்தியத் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் ஈர்ப்பு குறைந்த பெரும்பள்ளம் இருப்பதால், நம் கடல்மட்டமே அந்த நீள்கோளத்துக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் கீழே கிடக்கிறது. பல செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. இரண்டு செயலியில் எடுத்த உயரங்களை ஒரே பட்டியலில் கலந்துவிடாதீர்கள்.

அப்படியானால் இலவச உயரத் தரவை வைத்து எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று சொல்லலாமா?

தெரு அளவில் சொல்ல முடியாது. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவின் கட்டம் 30 மீட்டர். அதன் உயரத் துல்லியத்துக்கு வைத்த வரையறை 16 மீட்டர். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகள் கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டரே. பிழை, நிலத்தின் உயரத்தைவிடப் பெரிது. அதோடு, ரேடார் கண்டது கூரையையும் மரத்தையும்; தரையை அல்ல. வண்ணம் தீட்டிய வெள்ள வரைபடம் பார்க்க அழகாக வரும், அவ்வளவுதான். தண்ணீர் எங்கே நின்றது, சுவரில் எந்த உயரம் வரை ஈரக்கறை, எத்தனை மணி நேரம் என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்த நூறு புள்ளிகள் இதைவிட நம்பகமானவை.

வரைந்த சாலைகளில் வழி கேட்டால் சுற்றிச் சுற்றிப் போகிறது.

இரண்டு காரணம் பார்க்க வேண்டும். கோடுகள் சந்திப்பில் தொட்டுக்கொள்வதுபோலத் தெரியும், பெரிதாக்கினால் அரை மீட்டர் இடைவெளி இருக்கும். வரையும்போது ஸ்னாப்பிங்கை (அருகில் உள்ள முனையில் தானாக ஒட்டும் வசதியை) போட்டுக்கொண்டு, முனைக்கு முனை ஒட்டுங்கள். இதற்கு நேர்மாறானது, சந்திக்கக் கூடாத இடத்தில் சந்திப்பு வைப்பது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் ரயில் மேலே, சாலை கீழே. பேசின் பிரிட்ஜ் பக்கம் பாலம் மேலே, தண்டவாளம் கீழே. அங்கே கோடுகள் குறுக்கே போனாலும் பொதுமுனை இருக்கக் கூடாது.

காலமும் பார்க்க வேண்டும். யானைகவுனி பாலத்தை இடித்துக் கட்டிய ஆண்டுகளில் எடுத்த சாலைத் தரவு அந்தப் பக்கம் வழியே இல்லை என்று சொல்லும். அதற்கு முந்தையது உண்டு என்று சொல்லும்.

இணைய வரைபடத்தைப் பார்த்து அப்படியே வரைந்துகொள்ளலாமா?

கூகுள் மேப்பிலிருந்து வரைந்தெடுக்க அதன் விதிமுறை இடம் தருவதில்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுக்கலாம். பெயரைக் குறிப்பிட வேண்டும், திருத்திய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். நீங்களும் அதில் சேர்க்கலாம். தெருப்பெயரைப் பெயர்ப்பலகையில் பார்த்து எழுதுங்கள், இன்னொரு செயலியைப் பார்த்து எழுதாதீர்கள். தமிழ்ப் பெயருக்கு 'நேம்:டிஏ' என்ற தனிக் கட்டம் இருக்கிறது. வடசென்னையின் உள்தெருக்களுக்கு அதை நிரப்ப நிறைய வேலை பாக்கி. இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி தேவைப்பட்ட நிலையை மத்திய அரசு 2021 பிப்ரவரி வழிகாட்டுதலில் பெரும்பாலும் நீக்கிவிட்டது. நாட்டின் எல்லையை மட்டும் இந்திய நில அளவைத் துறை வெளியிட்டபடிதான் போட வேண்டும். ட்ரோனுக்குத் தனி விதிகள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பறக்கவிடும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் இறங்கிக் கணக்கெடுக்கப் போகிறோம். எதைத் தயார்செய்துகொள்ள வேண்டும்?

கியூஃபீல்டு அல்லது ஓடிகே கலெக்ட் என்ற கைபேசிச் செயலி; இரண்டும் இலவசம், சிக்னல் இல்லாமலும் ஓடும். படிவத்தில் எழுதும் கட்டங்களைக் குறைத்துத் தெரிவுப் பட்டியலாக வையுங்கள். விளக்கின் நிலைக்கு 'எரிகிறது, எரியவில்லை, கம்பம் மட்டும்' என்று மூன்று தெரிவு கொடுக்காவிட்டால், ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதி வருவார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் தேதி, துல்லிய எண் இரண்டையும் தானாகப் பதியும்படி வையுங்கள். போகும் முன் ஒரே கம்பத்தில் எல்லோரும் புள்ளி எடுத்துப் பாருங்கள். யாருடைய கைபேசி எவ்வளவு தள்ளுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அளவு சுருங்குவதோடு படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பும் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் இரண்டும் தப்பும். கேமரா அமைப்பில் லொகேஷன் பதிவு முதலிலேயே போடப்பட்டிருக்க வேண்டும்.